கறுப்புத் தண்ணீரும் எலுமிச்சம்பழமும்

தம்பி,

உங்கள் புதுச் சத்துநீர் பாட்டிலுக்கு என்று நீ அனுப்பிய லேபிள் படத்தை நேற்றே பார்த்துவிட்டேன். நீல டிக் விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். பதில் வரவில்லை என்றதும் சாயங்காலம் வெறும் கேள்விக்குறி ஒன்று அனுப்பினாய். இன்று காலையில் உன் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்குப் பிடிக்கவில்லையா, எழுத்து சின்னதாக இருக்கிறதா என்று கேட்டாயாம். எழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பொன்னிறத்தில் பாட்டில், அதன்மேல் பச்சையில் ஒரு வேர். இந்த ரசனையெல்லாம் உனக்கு அம்மா வழியில் வந்தது. என் ரசனையின் லட்சணம் நம் உரக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரியும். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. "சிறுநீரகங்களைச் சுத்தப்படுத்தும்" என்று போட்டிருந்தாய். அதற்குமேல் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உத்தமபாளையத்தில் கூரியர் கொடுத்தால் மறுநாள் கோயம்புத்தூர் வந்துவிடும் என்கிறார்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டு, உன் குரலைக் கேட்டதும், "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்கே ஞாபகம் இருக்கும், இந்த மாதத்தில் நான் அப்படிப் பல தடவை கூப்பிட்டு வைத்திருக்கிறேன்.

உன் மாமா மாரடைப்பில் போனதாக உனக்குச் சொன்னோம். அது பொய் இல்லை, இதயம் நின்றுதான் போனார். ஏன் நின்றது என்பதைத்தான் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "கல்யாணம் முடியட்டும்ங்க. மாலையும் கழுத்துமா நிக்க வேண்டிய பிள்ளைய இப்ப அழ வைக்காதீக" என்றாள். செத்தது அவள் கூடப்பிறந்த அண்ணன். அவளே பொறுத்துக்கொண்டு இருக்கும்போது நான் யார் பேசுவதற்கு என்று நானும் பேசாமல்தான் இருந்தேன். அந்த வரியைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியிலேயே எழுந்து போய்விடுவாய். நீ மாமாவை எதையும் குடிக்கச் சொல்லவில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "இது இன்னும் சோதனையிலதான் இருக்கு மாமா, மனுஷனுக்கு என்ன செய்யும்னு முழுசாத் தெரியல" என்று நீ சொன்னதை என் காதால் கேட்டேன். யார் கேட்டாலும் நான் அதைச் சொல்வேன். நீயும் அதை மறந்துவிடாதே. மீதியைப் படிக்கும்போது அது உனக்குத் தேவைப்படும்.

போன பொங்கலுக்கு ராயப்பன்பட்டியில் மாமா வீட்டுக்குப் போனோமே, அன்றைக்கு நீ நன்றாகப் பேசினாய். நீ அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் நீ வாயைத் திறப்பதே சோறு கேட்கத்தான். மாமாவைக் கண்டால் மட்டும் உனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். பிள்ளை இல்லாத மனுஷன், உன்னைத் தோளைவிட்டு இறக்காமல் வளர்த்தவர். நீ சின்னப் பிள்ளையில் கடையில் ஒழுகிய ஹியூமிக் உரக் கேனில் விரலை விட்டு மீசை வரைந்துகொண்டு நின்றபோது, நான் அடிக்கக் கையை ஓங்கினேன். அவர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்புசெட்டில் நிறுத்திக் கழுவினார். கறுப்பு போகவில்லை. "விடுங்க மாப்ள, எம் மருமகனுக்கு இப்பவே மீசை மொளச்சிருச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கறுப்புத் தண்ணீரைத்தான் உன் வயசைவிட அதிக காலமாக நான் விற்கிறேன். எனக்கு அது கொடிக்கான சரக்கு, அவ்வளவுதான். பன்னீர் திராட்சைக்குக் கவாத்து வெட்டியதும் சொட்டுநீரில் கலந்து விடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கொடியின் தூரைக் கிளறினால் வெள்ளை வேர் நூல் நூலாக வந்திருக்கும். வேர் வந்தால் தோட்டக்காரச் சம்சாரி சிரிப்பான், வராவிட்டால் என்னைத் திட்டுவான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. நீ படித்துவிட்டு வந்துதான் சொன்னாய். இலையும் வேரும் புழுவும் பூச்சியும் செத்து மண்ணோடு மக்கி, காலம் காலமாகக் கிடந்து, இனிமேல் மக்க முடியாது என்று கடைசியில் மிஞ்சுவதுதான் அது என்றாய். அதில் கறுப்பாக ஒன்று இருக்கிறது, பொன்னிறத்தில் ஒன்று இருக்கிறது. கறுப்பு ஹியூமிக், பொன்னிறம் ஃபுல்விக். அந்தப் பொன்னிறம் சத்தைப் பிடித்து இழுத்து வந்து வேருக்குள் விடும், மனுஷ உடம்பில் வீக்கத்தையும் புண்ணையும் அது ஆற்றுமா என்று பல இடங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றாய். அந்தப் பொன்னிறத்தைக் குடிக்கிற சத்துநீராக ஆக்குவதுதான் உன் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மாமாவுக்கு அப்போது சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார். பந்தல் நிறையத் திராட்சை தொங்குகிறது, வரப்பில் தென்னை நிற்கிறது, அடுத்த தோட்டம் வாழை. பழம் தொடக்கூடாது, இளநீர் குடிக்கக்கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் அத்தை காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துப் போடுவாள். "எம் பொண்டாட்டி காய வேக வச்சு ருசிய மட்டும் சாக்கடைல ஊத்திட்டு எனக்குச் சக்கையப் போடுறா மாப்ள" என்று சிரிப்பார். சிரிப்பாரே தவிர, ஒரு வாய் இளநீர் கேட்டதில்லை. கட்டுப்பாட்டில் அவரை மாதிரி ஒரு நோயாளி கிடையாது. அதை நீ நினைவில் வைத்துக்கொள், ஏனென்றால் அவர் வாய் ருசிக்கு ஆசைப்பட்டுச் செத்தவர் இல்லை.

அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அந்தப் பொன்னிறத்த எப்படிய்யா பிரிப்பீக?" என்று கேட்டார். நீ உடனே எழுந்து, மோட்டார் ரூமில் மிச்சம் கிடந்த கேனிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வந்து, அத்தையின் பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தண்ணீர் விட்டாய். மை மாதிரி இருந்தது. ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாய். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் கறுப்பெல்லாம் திரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே தெளிவாக, பொன் மாதிரி தண்ணீர் நின்றது. "இந்தத் தெளிவுதான் மாமா விஷயமே" என்றாய். மாமா அந்த டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அத்தை அதை வாங்கிக் கொல்லையில் ஊற்றினாள். எனக்கும் பெருமையாக இருந்தது. நான் விற்கிற சரக்குக்குள் இருந்து என் மகன் பொன் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மாசியில் ஒருநாள் மாமா கடைக்கு வந்து ஹியூமிக் கேன் ஒன்று கேட்டார். காய்க்கு நிறம் விழுகிற நேரம் அது, வேருக்கு ஊற்றுகிற நேரம் இல்லை. "இப்ப எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன். "கெடக்கட்டும் மாப்ள, அடுத்த கவாத்துக்கு ஆகும்" என்றார். நானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். வாங்க வந்தவனிடம் ஒரு கேள்விக்கு மேல் கேட்கிற பழக்கம் எந்த வியாபாரிக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என்று இப்போது கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நினைக்கிறேன்.

அவர் உனக்காகக் காத்திருந்திருக்கலாம். சோதனை முடியட்டும், நானே கொண்டுவருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஊசி குத்திப் படுத்து எழுந்து வருகிற மனுஷனுக்குச் "சோதனை முடியட்டும்" என்பது எத்தனை தூரம் என்று உனக்கும் எனக்கும் தெரியாது. அவர் கணக்கு ரொம்பச் சுலபமான கணக்கு. மருமகன் செய்வது இதிலிருந்துதான், தங்கச்சி புருஷன் விற்பதும் இதைத்தான், பிரிக்கிற வித்தையைக் கண்ணால் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன. தோட்டக்காரர்கள் யாருமே கடைச் சரக்கை அப்படியே நம்புவதில்லை, தன் கையால் கலந்து தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார்கள். அவரும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் காலையில் அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும், அதே பூப்போட்ட டம்ளரில், நீ செய்த மாதிரியே செய்திருக்கிறார். எலுமிச்சம்பழம் எதற்கு என்று அத்தை கேட்டதற்கு, வாய்க் குமட்டலுக்கு என்று சொல்லியிருக்கிறார். அந்த நோய்க்குக் குமட்டல் இருப்பது உண்டு, அதனால் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள்.

பங்குனியில் அவரைப் பார்த்தபோது, முகத்தில் களை வந்திருக்கிறது மச்சான் என்று நான் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தது. உன் கல்யாணம் நிச்சயமான சந்தோஷம் அது என்று நினைத்தேன். தாய்மாமன் மாலையை மதுரையில்தான் கட்டச் சொல்ல வேண்டும், தேனி மாலை வாடிவிடும் என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்று அந்த வாரம் டயாலிசிஸுக்கு ஒரு முறை போகாமலும் இருந்துவிட்டார். அதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையையும் சொல்ல விடவில்லை.

டயாலிசிஸ் தவறியதற்கு அடுத்த நாள் காலையில் பந்தலுக்கு அடியில் கால் விளங்காமல் உட்கார்ந்துவிட்டார். அத்தை போன் பண்ணினாள். நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பின் சீட்டில் அத்தை மடியில் படுக்க வைத்துக் கிளம்பினேன். சின்னமனூர் தாண்டினோம். பிறகு மெதுவாக, "மாப்ள, நான் ஒண்ணு குடிச்சேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மருமகன் காட்டுன மாதிரியேதான் செஞ்சேன். கறுப்ப விட்டுட்டேன். தெளிவ மட்டுந்தான் குடிச்சேன்" என்றார். அத்தை குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. "அவங்கிட்டச் சொல்லிராதீக. படிச்ச படிப்ப விட்டுருவான்" என்றார். பழனிசெட்டிபட்டி வந்ததும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "இங்கனதான கல்யாண மண்டபம்?" என்று கேட்டார். ஆமாம் மச்சான் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாழைப்பழம் கொடுத்தீர்களா, இளநீர் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தை இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர் குடித்ததை நான்தான் சொன்னேன். அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடம். பழுப்பு நிலக்கரியைக் காஸ்டிக் பொட்டாஷ் விட்டுக் கரைத்து எடுப்பது, பொட்டாசியம் ஹியூமேட் என்று கேனிலேயே போட்டிருக்கிறது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. எலுமிச்சம்பழம் கறுப்பைத்தான் கீழே இறக்கும். பொட்டாசியத்தை இறக்காது. அது கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தெளிவிலேயே கரைந்து நிற்கும். கறுப்பை ஒதுக்கிவிட்டு, எதைத் தொடக்கூடாது என்று இத்தனை நாள் காய்கறித் தண்ணீரையெல்லாம் கொட்டினார்களோ, அதையே அவர் தினமும் தெளிய வைத்துக் குடித்திருக்கிறார். இவ்வளவு விளக்கம் உனக்குத் தேவையில்லை, பொன்னிறத் தண்ணீர் என்று எழுதியபோதே உனக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் எழுதி எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொட்டாஷ் மூட்டையை அடுக்கி வைத்து விற்கிறவன் நான். அவர் பத்தியத்தையும் அறிந்தவன் நான். ஆனால் கொடிக்குப் போடுவதை ஒரு அலமாரியிலும் மனுஷனுக்கு ஆகாததை இன்னொரு அலமாரியிலும் வைத்திருந்தேன். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த டாக்டரம்மா அதனால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது என்றார். ஒரு முறை டயாலிசிஸ் தவறியதும் சேர்ந்திருக்கிறது, இதயமும் ஏற்கெனவே பலவீனம் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாரா, நிஜமே அதுதானா, எனக்குத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஹார்ட் அட்டாக் என்று சொன்னேன். நீ என் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாய். பெரியவன் ஆனபிறகு நீ என்னைக் கட்டிப்பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு, அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். முக்கால்வாசி இருந்தது. தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் தங்கச்சி என்றேன். அவள், "எதுக்குண்ணே, கொடிக்கு ஊத்திருவோம். கொடிக்குன்னுதான வாங்குனாக" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து கலக்கி ஊற்றினோம். பிறகு போன ஒருநாள் தூரைக் கிளறிப் பார்த்தேன், பழக்கதோஷம். வெள்ளை வேர் பிரமாதமாக வந்திருந்தது. எத்தனையோ தோட்டத்தில் அந்த வேரைக் காட்டி நான் வியாபாரம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சரக்கு விஷம் இல்லை தம்பி. மண்ணுக்கு அது நல்லதுதான். உன் பொன்னிறம் நாளைக்கு மனுஷனுக்கும் நல்லது என்று ஆகலாம். ஆகட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் யாருக்கு, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்பதெல்லாம் தெரியாமல் ஒரு வரியை அச்சடித்துவிட்டால், அதை உன் மாமா மாதிரி ஒருத்தர்தான் முதலில் படிப்பார். உடம்பு நன்றாக இருக்கிறவன் லேபிளின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கவே மாட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த எலுமிச்சம்பழ வித்தையை நீ கோயம்புத்தூரில் ஒரு வீடியோவாக எடுத்துப் போட்டிருக்கிறாயே, அதை நம் பக்கத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள். போன வாரம் கடமலைக்குண்டிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி மாறி நம் கடைக்கு வந்தாள். இருப்பதிலேயே சின்னக் கேனாகக் கொடுங்கள் என்றாள். எந்த வெள்ளாமைக்கு என்று இந்தத் தடவை கேட்டேன். போனை எடுத்து உன் முகத்தைக் காட்டினாள். வீட்டுக்காரருக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, பாட்டில் வருகிறவரைக்கும் பொறுக்க முடியாது, இந்தத் தம்பி செய்கிற மாதிரி செய்து கொடுக்கப் போகிறேன் என்றாள். நான் உன் அப்பன் என்று அவளுக்குத் தெரியாது. கொடுக்க மாட்டேன் என்றேன். என் மச்சானுக்கு நடந்ததைச் சொன்னேன். சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்கிறீர்களே என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச தம்பி சொல்லுறாக, நீங்க என்னமோ சொல்லுறீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் கிளம்பிவிட்டது. வேறு கடையில் வாங்கினாளா, வாங்கவில்லையா, எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பக்கத்து ஆள் யார் வந்தாலும் விசாரிக்கிறேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அப்பனாகக் கேட்கிறேன், சரக்கு விற்கிறவனாகவும் கேட்கிறேன். அந்த வரியை எடுத்துவிடு. எடுத்த இடத்தைச் சும்மா விடாதே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக்கூடாது என்று அங்கே போடு, பெயர் போட்டிருக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடு. அந்த வீடியோவை அழித்துவிட்டு, தெளிவில் என்ன மிஞ்சி நிற்கும் என்று நீயே இன்னொரு வீடியோவில் சொல். மாமா பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு யாராவது ஒருத்தர் பாட்டிலைத் திரும்ப வைத்தால், அது உன் மாமா தடுத்ததுதான். கல்லில் பெயர் வெட்டி வைப்பதைவிட எனக்கு அது போதும்.

வியாபாரம் படுத்துவிடும் என்று உன் கூட்டாளிகள் சொல்லலாம். படுத்தால் எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் நீ இந்த வேலையை விடாதே. எனக்கு அதுதான் பயம். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு, ஒன்று கோணலாகப் போனால் முழுசையும் தூக்கி எறிந்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வாய். மாமா மூச்சு வாங்குகிறபோதும் பயந்தது அதற்குத்தான். அவர் சொன்னதில் பாதியை நான் மீறிவிட்டேன், உன்னிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பாதியை நீ காப்பாற்று. வரப்போகிற பெண்ணிடமும் இதை மறைக்காதே. கல்யாணத்துக்கு முன்பே உட்கார வைத்துச் சொல். நானும் உன் அம்மாவும் இந்த மூன்று மாதமாக ஒரே வீட்டில் இதைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். அப்படி ஒரு சாப்பாடு உனக்கு வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் அத்தையிடம் போய், எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் எழுத மனசு வரவில்லை. அவள் பந்தலுக்கு அடியில் கிடந்த சருகை அள்ளிப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு, "எழுதுங்கண்ணே. எலுமிச்சம்பழம் பிழிஞ்சத மட்டும் எழுதாதீக. அவன் தாங்க மாட்டான்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாலையைத் தானே மதுரையில் சொல்லிக் கட்டிக் கொண்டுவருவதாகவும் சொன்னாள். தாலி இழந்தவள் மாலை எடுக்கலாமா என்று யாரும் வாயைத் திறந்தால், அந்த மண்டபத்தில் நான் ஒருத்தன் இருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நீயே பார்க்கிறாய், எதை எழுதாதே என்று சொன்னாளோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு இதில் எழுத ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. பஸ் ஏறி நேராக ராயப்பன்பட்டிக்குப் போ. அவள் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள், நீயும் மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே. அந்தப் பூப்போட்ட டம்ளரை நான் எடுத்துப்போட்டுவிடலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உனக்கு அதில்தான் தண்ணீர் கொண்டுவந்து தருவாள். வாங்கிக் குடி.

அப்பா